சாமி உத்தரவு என்று நினைத்த சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை நம் இரும்புப் பட்டறை ஷெட்டில் நான் போட்ட கூச்சலில் மிரண்டுபோனவர்கள் எல்லோரிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரில் ஒருவர், சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுத்த கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சற்று நேரத்தில் மேஜைப் பக்கமிருந்து "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவ்வளவுதான், "யார் வெச்சதுங்க இது? எல்லாரும் வேலையை நிறுத்திப்போட்டு இங்க வாங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அறுபத்துமூன்று வயதுப் பொம்பளை அப்படிக் கத்துவாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். "மேடத்துக்குப் பேய் பிடிச்சிருச்சு" என்று ஒருவர் காதோடு காதாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. பம்ப் கம்பெனியின் வெப்பப் பதப் பிரிவில் முப்பத்தொரு வருடம் பரிசோதகராக இருந்தவள் நான். காதை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

ஏன் கத்தினேன் என்று கேட்டீர்கள். அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றுகிறது.

சிவந்த எஃகை எண்ணெயில் முக்கினால் அது கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும். வெளியே அமைதியாகக் கிடக்கும், உள்ளே அதை அதுவே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். உடனே மிதமான சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அதற்குத்தான் டெம்பர் என்று பெயர். அதைச் செய்யாமல் விட்டால், யாரும் தொடாமலேயே, பத்து நிமிடம் கழித்தோ பத்து மணி நேரம் கழித்தோ அது தானாக விரிசல் விடலாம். விடும்போது ஒரு சத்தம் போடும். கம்பெனியில் ஒருமுறை கரண்ட் போய் டெம்பர் அடுப்பு நின்றுவிட்டது, மறுநாள் ஞாயிறு, லீவு. முக்கி எடுத்த ஒரு கூடைப் பல்சக்கரங்கள் அப்படியே கிடந்தன. பட்டப்பகலில், பூட்டிய கூடத்துக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிறார்கள் என்று வாட்ச்மேன் மூன்று தரம் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு ஈ காக்கா இல்லை. திங்கட்கிழமை அவர் வேலையை விட்டுப் போகிறேன் என்று வந்து நின்றார். நான் கூடையிலிருந்த சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து விரிசலைக் காட்டிய பிறகும் அவருக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

அப்படி எல்லாம் தெரிந்த நான்தான் செந்திலின் அரிவாளில் தப்புச் செய்தேன்.

செந்தில் உங்களுக்கு முன்னால் இந்த ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தவன். நெசவு இயந்திர பாகங்கள் செய்யும் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். வயது முப்பத்துநாலு இருக்கும். பொழுதுபோக்குக்கு இரும்பு அடிக்க வந்தவர்களில் அவனளவு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. அவனுடைய குலதெய்வம் கருப்பண்ணசாமி, கோயில் அந்தியூர் போகிற வழியில் இருக்கிறது. ஆடி மாதப் பூஜையில் சாமியாடி அரிவாள்மேல் ஏறி நின்றுதான் அருள்வாக்குச் சொல்வார். அந்தச் சாமியாடி செந்திலின் அப்பா. குழந்தை பிறந்தால் தன் கையாலேயே புது அரிவாள் அடித்துத் தருவதாகச் செந்தில் வேண்டிக்கொண்டிருந்தான், குழந்தையும் பிறந்துவிட்டது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கிவந்து, நாலு ஞாயிறு அடித்து, இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு அரிவாளை உருவாக்கினான். நடுவில் உளியால் ஒரு திரிசூலம் வெட்டினான். வெட்டு ஆழமாகப் போகிறதே, விரிசல் அந்த மாதிரி மூலையில்தான் பிறக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆசையாகச் செய்கிறான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அரிவாள்மேல் ஒருவர் நிற்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். அரிவாளின் தீட்டிய விளிம்பை வாய் என்போம், அது நேராக அழுத்தினால் அறுக்காது, இழுத்தால்தான் அறுக்கும். பாதத்தை அசைக்காமல் வைத்து, அசைக்காமல் எடுக்கத் தெரிந்தவர் நிற்கலாம். நிற்கும்போது அரிவாள் உடைந்தால் பாதம் வாயோடு வழுக்கும். அப்போது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பூஜைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. விடிந்ததும் செந்திலும் அவன் பெரியப்பாவும் ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பா கோயில் காரியம் முழுவதையும் பார்ப்பவர், நல்ல மரியாதையான மனிதர், எதற்கும் ஒரு நேரம் காலம் உண்டு என்பவர். ஏழரைக்கு முக்கி எடுத்து, ஒன்பது மணிக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்கென்று உலை மக்கர் பண்ணியது. அரிவாளின் இரண்டு முனையும் சிவக்கிறது, நடுவில் மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. ஊதுகுழாயைத் திருகிப் பார்த்தேன், கரியை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பார்த்தால், கரிக் கசடு உருகிக் கட்டியாகி நடுக் காற்றுத் துளையை அடைத்துக்கொண்டிருந்தது. அட கெரகமே என்று நெருப்பை வெளியே இழுத்துப்போட்டு, துளையைக் குத்திவிட்டு, மறுபடியும் மூட்டுவதற்குள் எட்டேகால் ஆகிவிட்டது.

இந்த முறை சீராகச் சிவந்தது. ஷெட்டில் எல்லா ஜன்னலையும் மூடி இருட்டாக்கியிருந்தேன், நிறம் பார்க்க அதுதான் வசதி. அப்போது சிவந்த அரிவாளுக்குள் ஒரு நிழல் நகர்ந்தது. நீங்களும் இதைப் பார்ப்பீர்கள். எஃகு உள்ளுக்குள் மாறும் அந்தச் சூட்டைத் தொடும்போது, சிவப்புக்குள் கருநிழல் ஒன்று ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல ஊர்ந்து போகும். எனக்கு அது பழகிய சமாச்சாரம். பெரியப்பா அதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"ஏனுங்க அம்மணி, உள்ள ஏதோ ஊருதுங்களே?"

"சூடு ஏறுதுங்க. இது எல்லா இரும்புலயும் வர்றதுதானுங்க."

"எல்லா இரும்புலயும் வருமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிழல் அன்று திரிசூலத்தின் அடியில் வந்து ஒரு கணம் தயங்கி நின்ற மாதிரி எனக்கும் தோன்றியது. வெட்டு முடிகிற அந்த இடத்தில் உலோகம் சற்றுக் கனமாக இருந்திருக்கும், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு முப்பத்தைந்துக்கு முக்கி எடுத்தோம். வளையாமல் நேராக வந்தது. செந்தில் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் டெம்பர் அடுப்பைத் திறந்தேன். அந்தப் பழைய பெரிய கேக் அடுப்பை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அது ஏற்கெனவே சூடாகி, தயாராக இருந்தது. பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

"இதுல என்னங்க சுடுவீங்க?"

"இப்பக் கத்தி மட்டுந்தானுங்க. முன்னால ஊட்டுல இருந்துச்சுங்க. புள்ளைங்க கேக்கு சுடுவாங்க."

"முட்டை போட்ட கேக்குங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆமாங்க" என்றேன்.

"அம்மணி தப்பா நெனைக்கக் கூடாதுங்க. சாமி ஆயுதத்தை அதுல வெக்க வேண்டாமுங்க."

"நாளைக்கு அந்தச் சாமிக்குத்தானுங்களே கெடா வெட்டறீங்க?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அது படையலுங்க, அம்மணி. இது வேறயுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்கு நின்றிருப்பேன். அவர் அவ்வளவு தன்மையாகச் சொன்னதும் எனக்கு வெட்கமாகிப்போனது. உலையிலேயே தணலைப் பரப்பி மெல்லச் சூடு காட்டலாம் என்றேன். அதற்குள் மணி பத்து நிமிடம் குறைய ஒன்பது. ராகுகாலத்தில் நெருப்பில் வைக்கக் கூடாது, பத்தரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், அதுவரை மஞ்சள் துணியில் சுற்றி வைத்துவிடுவோம் என்றார். செந்தில் என் முகத்தைப் பார்த்தான். முடிவை என்னிடம் விட்டிருந்தான். காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம்தானே, தாங்கும் என்று, "சரிங்க, பத்தரைக்கு மேல பண்ணிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பா மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, புதுத் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு மேஜைமேல் வைத்தார். நாங்கள் மூவரும் வாசல் பக்கம் உட்கார்ந்து காபி குடித்தோம். ஆடிக் காற்று தகரக் கூரையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதே கால் இருக்கும், காற்று ஒரு நிமிடம் நின்றது. அந்த நிசப்தத்தில் மூட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டிங்.

தெளிவாக, ஒரே ஒருமுறை. கோயில் மணியை விரலால் சுண்டிய மாதிரி இருந்தது. நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பெரியப்பா எழுந்தார். மேஜைக்கு முன்னால் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண்ணில் தண்ணீர்.

"உத்தரவு குடுத்துருச்சுங்க, அம்மணி! கவுளி சொல்லும், பூ உழுகும், கேட்டிருக்கறனுங்க. ஆயுதமே வாய் தொறந்து என்ற காதால கேட்டதில்லீங்க. டேய் செந்திலு, உன்ற வேண்டுதலைச் சாமி ஏத்துக்கிச்சுடா!"

செந்தில் அழுதேவிட்டான். பெரியப்பா அவனைக் கட்டிக்கொண்டார். கையோடு ஊருக்குப் போன் போட்டார். போனின் மறுமுனையில் பெண்கள் குலவை போடுவது எனக்குக் கேட்டது. இனி அதை நெருப்பில் வைப்பது என்ற பேச்சே இல்லை, சாமி குடியேறிய ஆயுதத்தை மறுபடி நெருப்பில் காட்டுவார்களா என்றார். "ஒருக்கா அவுத்துப் பாத்துரலாமுங்களா?" என்று மட்டும் கேட்டேன். கோயிலில்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்றார்.

ராகுகாலத்தில் கிளம்ப மாட்டார்கள். பத்தரை வரை அங்கேயே இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் அந்த மூட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அது விரிசல் சத்தம் என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். செந்திலின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். சொன்னால், என் அடுப்பினால் வந்த வினை, நான் சரி என்றதால் வந்த வினை என்றும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சந்தோஷமாக இருக்கும் இடத்தில் ஒரு பொம்பளை அபசகுனமாகப் பேச வேண்டும். ஒருவேளை துணிக்குள் எண்ணெய் சுண்டிய சத்தமாக இருக்கலாம், முடிச்சு இறுகிய சத்தமாக இருக்கலாம் என்று எனக்கு நானே கதை சொன்னேன். அது என்ன சத்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கார் கிளம்பும்போது பெரியப்பா, "நீங்களும் நாளைக்குக் கட்டாயம் வந்துபோடணுமுங்க" என்றார். "வாரனுங்க" என்று கும்பிட்டு அனுப்பினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அன்று முழுக்க வீட்டில் எந்தப் பாத்திரம் பட்டாலும் அதே சத்தம்தான் கேட்டது. சாயங்காலம் செந்திலுக்குப் போன் செய்தேன். அவன் விரதம், போனைத் தொடக் கூடாது, அவன் மனைவி எடுத்தாள். "சொல்லுங்க மேடம், ஏதாச்சும் முக்கியமுங்களா?" என்றாள். பின்னால் குழந்தை மழலையாக ஏதோ பேசிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, ஊருக்கு நல்லபடியா போய்ச் சேந்துட்டீங்களான்னு கேக்கத்தான்" என்று வைத்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் முகம் சுடுகிறது.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, கோபியில் மாறி, பத்து மணிக்குக் கோயில் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல கூட்டம். கருவறைக்குள் செந்தில் இருந்தான், அங்கே ஆண்கள் மட்டும்தான் போகலாம். அரிவாள் அவிழ்க்கப்பட்டு, எண்ணெயும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றப்பட்டு, சாமிக்கு முன்னால் மின்னிக்கொண்டிருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. ஒரு கீறல் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூன்று முறை கேட்டது என்றார். இன்னொருவர் அது சத்தமில்லை, பேச்சு என்றார். அங்கே இருந்தவளே நான்தான் என்று யாருக்கும் தெரியாது.

செந்திலின் அப்பா தோப்பில் ஒரு புளியமரத்தடியில் மணைமேல் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து மௌன விரதம். பெண்கள் வரிசையாக நின்று, சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றிக் கும்பிட்டுப் போனார்கள். நானும் ஒரு சொம்பை இரவல் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. நன்றாக வெடித்த, மண்ணில் உழைத்த பாதங்கள். தண்ணீரை ஊற்றிக்கொண்டே குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அய்யா, நான் உங்க பையன் போற பட்டறைக்காரிங்க. அந்த அரிவாள்ல உள்விரிசல் இருக்குதுங்க. திரிசூலத்துக்கு அடியில, நடுவுல. நேத்து கேட்டது சாமி சத்தமில்லீங்க, விரிசல் உட்ட சத்தமுங்க. நடுவுல நிக்காதீங்க. தயவு பண்ணி ஏறவே ஏறாதீங்க."

அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். இமைக்கவில்லை. கோபமும் இல்லை, பயமும் இல்லை. தூரத்தில் யாரோ வருவதைப் பார்க்கிற பார்வை. எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது, பின்னால் நின்ற அம்மா என் தோளைத் தட்டினார். நான் நகர்ந்தேன். நகரும்போது நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அந்த நிம்மதியோடு போய் நிழலில் நின்றுகொண்டேன்.

உச்சி வெயிலில் பம்பையும் உடுக்கையும் ஆரம்பித்தன. செந்திலின் அப்பா ஒரே பாய்ச்சலில் எழுந்தார். ஒல்லியான மனிதர், அவரை நாலு பேராலும் பிடிக்க முடியவில்லை. அரிவாளின் வாய் மேலே பார்க்க, பிடிப் பக்கத்தைச் செந்திலும், மூக்குப் பக்கத்தை அவன் சித்தப்பா மகனும் மடித்த துணி வைத்து இடுப்பு உயரத்தில் தாங்கினார்கள். இரண்டு பேர் தலையிலும் ஒவ்வொரு கையை ஊன்றி, நடுவில் ஏறி நிற்பதுதான் வழக்கம். அவர் நடுவுக்குத்தான் வந்தார். ஒரு காலைத் தூக்கினார். நான் கத்த வாயைத் திறந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், குரல் வரவில்லை.

தூக்கிய கால் அப்படியே நின்றது. தலையைச் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஒரு சாண் நகர்ந்தார். செந்தில் பக்கமாக, பிடியை ஒட்டி ஏறினார். இரண்டு கையையும் மகன் தலைமேல் ஊன்றிக்கொண்டார். எடை முழுவதும் ஒரே பக்கம் விழுந்ததில் செந்தில் தள்ளாடி, பல்லைக் கடித்து நின்றான். கூட்டம் சலசலத்தது, இந்த மாதிரி நின்றதேயில்லை என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவர் அங்கிருந்தே வாக்குச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நான் திரிசூலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கிவிட்டார். பாதத்தில் ஒரு கீறல் இல்லை. இரண்டு பேரும் குனிந்து அரிவாளைப் பலிபீடக் கல்மேல் வைத்தார்கள். மெதுவாகத்தான் வைத்தார்கள். "படக்" என்று இரண்டாகப் போனது.

ஒரு நொடி பம்பை நின்றது. பெரியப்பா முன்னால் வந்து, "ஆயுதம் வந்த வேலை முடிஞ்சுதுங்கோ! சாமி எடுத்துக்கிச்சு!" என்று குரல் கொடுத்தார். மறுபடியும் குலவை. துண்டுகளை ஆற்றில் விட எடுத்துப்போனார்கள். என் பக்கமாகப் போகும்போது துண்டின் உடைந்த பரப்பைப் பார்த்தேன், அது என் தொழில். உடைந்த இடத்தில் முக்கால்வாசி மஞ்சளாக இருந்தது. காலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் விரிசல் வழியே அதுவரை இறங்கியிருக்கிறது. ஓரத்தில் நூல் கனத்துக்கு மட்டும் புதிதாக, வெள்ளி மாதிரி மின்னியது. அந்த நூலை நம்பித்தான் ஒரு மனிதர் ஏறி நின்று இறங்கியிருந்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் என்னைச் செந்திலின் அப்பாவுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். இப்போது அவர் சாதாரண மனிதர். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் கைகூப்பினேன்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க. காலையில நான் சொன்னதைக் கேட்டு ஓரமா நின்னீங்க. இல்லீனா என்னாயிருக்குமுங்க!"

அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். அடையாளம் தெரியாதவரைப் பார்க்கிற மரியாதை.

"எப்பச் சொன்னீங்க, அம்மணி?"

"மரத்தடியிலங்க. கால்ல தண்ணி ஊத்தையில. நீங்கதான் திரும்பி என்னையப் பாத்தீங்களே."

"விடியால ஆத்துல முங்குனது வரைக்குந்தானுங்க எனக்கு நெனப்பு" என்றார். "அப்பறம் கண்ணு தொறந்தா இங்க கல்லு மேல படுத்திருக்கறனுங்க. வருசா வருசம் அப்படித்தானுங்க. உங்களை இப்பத்தானுங்க பாக்கறன்."

அந்த இமைக்காத பார்வை கண்முன்னால் வந்து நின்றது. அப்படியானால் நான் காலையில் யாரிடம் சொன்னேன்? முகத்தைத் திருப்பி, இமைக்காமல் கேட்டுக்கொண்டது யார்? இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சாமி உண்டு என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை.

"அப்பாகிட்ட என்னங்க மேடம் சொன்னீங்க?"

திரும்பினேன். செந்தில் குழம்பு வாளியோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தலையில் அப்பாவின் கை அழுந்திய இடத்தில் விபூதி அப்படியே இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. இனியும் மறைக்க என்னால் முடியவில்லை, சொன்னேன். முட்டைக் கேக் அடுப்பு, ராகுகாலம், அந்தச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். பந்தியின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவன் அப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"சத்தம் கேட்டப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும் கண்ணு."

"நேத்து சாயங்காலம் போன் பண்ணுனீங்கன்னு ஊட்டுல சொன்னாளே. அதுக்குத்தானுங்களா?"

"ஆமா கண்ணு."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அரிவாளைப் புடிச்சுட்டு நின்னது நானுங்க, மேடம்," என்றான். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

பிறகு குனிந்து என் இலையில் குழம்பு ஊற்றினான். "போதுமுங்களா?" என்று கேட்டான். போதும் என்றேன். அடுத்த இலைக்குப் போனான்.